ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி

அத்தியாயம் பதினொன்று

ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் வந்து இறங்கியபோது வெர்னெல் பார்க்ஸ்டேல் கதவைத் திறந்துவிட்டதோடு சரி, கிட்டே போகவில்லை. சமையலறைக்குத் திரும்பி, தொட்டியில் கிடந்த டர்னிப் கீரையை மறுபடி அலச ஆரம்பித்தார். ஏற்கெனவே மூன்று தண்ணீர் மாற்றியாகிவிட்டது. அந்தக் கீரையில் இனி மண் இல்லை, சத்தும் இல்லை.

"அம்மா, வந்து பாரும்மா! அப்பாவோட பேஸ் கிட்டார் வந்துடுச்சு!" என்று டைரஸ் கூடத்திலிருந்து கத்தினான்.

"கேக்குது. கையில வேலை இருக்கு."

கோர்லிஸ் அம்மாவையும் பார்த்தாள், பெட்டிகளையும் பார்த்தாள். எந்தப் பக்கம் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதுவரை கூடவே வந்தவர்களுக்குக் கதை தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. மெம்ஃபிஸ் நகரத்தின் தெற்கே, ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் மரவீடு அது. எஸெல் பார்க்ஸ்டேல் மார்ச் மாதம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நாற்பத்தேழு வருடம் ஒரே பேஸ் கிட்டாரை வாசித்தவர். அறுபத்திரண்டாம் வருடத்து வாத்தியம் அது. அதில் அவர் வாசித்துப் பதிவான ஏழு சுரங்களைப் பாட்டின் பெயர் மறந்துபோனவர்கள்கூட முணுமுணுப்பார்கள். கார் கழுவுகிறவன் முணுமுணுப்பான், கல்யாண வீட்டில் கிழவர்கள் காலால் தட்டுவார்கள்.

அவர் போன பிறகு கலிஃபோர்னியாவில் ஒரு கம்பெனி, அந்த பேஸை அச்சு அசலாக நகலெடுக்கிறோம், அறுபது செய்யப்போகிறோம், முதல் நகல் குடும்பத்துக்கே என்று எழுதிக் கேட்டு, ஜூலையில் வாங்கிக்கொண்டு போனது. இன்று நவம்பரில் ஒரு சனிக்கிழமை. அசலும் நகலும் சேர்ந்து வந்திருக்கின்றன. ஐந்து மணிக்கு அருங்காட்சியகத்துப் பெண்மணி வருகிறார். அம்மா கையெழுத்துப் போட்டால் அசல் அவரோடு போய்விடும். கண்ணாடிப் பெட்டிக்குள், அப்பாவின் பெயருக்கு மேலே, நிரந்தரமாக.

டைரஸுக்கு அது வேண்டும். அப்பாவின் பெயர் ஒரு சுவரிலாவது இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. கோர்லிஸுக்கு அந்த பேஸே வேண்டும். வீட்டில் பேஸ் வாசிக்கிறவள் அவள் ஒருத்திதான். வாரத்தில் ஐந்து நாள் தபால் பை சுமப்பாள், ஞாயிறன்று சர்ச்சில் வாசிப்பாள். இருபது வருடமாக வாசிக்கிறாள். ஆனால் அப்பாவின் பேஸை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தொட விட்டதில்லை. "வேற எதை வேணாலும் எடு. அதை மட்டும் தொடாத" என்பதுதான் அவள் அப்பாவிடம் கற்ற முதல் பாடம்.

டைரஸ் இரண்டு பெட்டிகளையும் திறந்து, இரண்டையும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஏய், இதுல எதுடி நம்மது?"

கோர்லிஸுக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. அதற்காக அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

அதே வெளுத்த பழுப்பு நிறம். தலைப்பக்கத்தில் தந்திக்கு அடியில் சிகரெட்டைச் செருகிச் செருகிக் கருகின அதே வட்டம். முதுகில் பெல்ட் கொக்கி உரசின அதே கீறல்கள். கட்டை விரல் ஊன்றி ஊன்றி மரம் குழிந்துபோன அதே இடம். தந்திகள் வந்து முடிகிற இடத்தில் அதே பளபள மூடிகூட இருந்தது.

அந்த மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. பேஸ் வாசிக்கிறவன் எவனும் அதை வைத்திருக்க மாட்டான். வாங்கின அன்றே கழற்றி, கவிழ்த்துப் போட்டு, சாம்பல் கிண்ணமாக்கிவிடுவான். மெம்ஃபிஸில் அந்தக் காலத்து வாசிப்பாளர் வீடு ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு கிண்ணம் இருக்கும். எஸெல் மட்டும் கடைசிவரை கழற்றவில்லை. "உங்கப்பன் மாப்பிள்ளைத் தோரணை பார்க்கிறான்" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

"இது" என்று கோர்லிஸ் கடைசியில் இடப்பக்கத்ததைக் காட்டினாள். "தந்தியைப் பாரு. அதுல புதுத் தந்தி. இதுல நம்ம அப்பா கை அழுக்கு."

"அட, அழுக்கைத்தான் அவனுங்களால செய்ய முடியல போல!" டைரஸ் சிரித்தான். "சரி, நீ சொல்லு. டயர் கடைக்காரன் கேக்கறேன். பழசுல அப்படி என்னதான் இருக்கு? பழைய டயரை எவனாவது கண்ணாடிப் பெட்டியில வைப்பானா? புதுசு கழுத்து நேரா இருக்கு, சுதி நிக்குது, கரண்ட்டு அடிக்காது."

"கரண்ட்டு அடிக்கறது ஒரு தனி ருசிண்ணே. சர்ச்சுல நான் வாசிக்கற பழசுல, மைக்குல வாய் பட்டா பல்லு வரைக்கும் சுரீர்னு இழுக்கும்."

"பைத்தியம்."

"பழசெல்லாம் தங்கம்னு நான் சொல்லல. அந்தக் காலத்துலயும் மட்டமானது நிறைய செஞ்சாங்க. மட்டத்தையெல்லாம் தூக்கிப் போட்டாச்சு. நல்லதைத்தான் யாரும் விடல. அதனாலதான் பழசெல்லாம் நல்லதுன்னு தோணுது."

"அப்ப புதுசே போதுமே. அதுதான் உனக்கு வந்துடுச்சே?"

கோர்லிஸ் நகலின் உடம்பில் கொம்பு மாதிரி நீளும் கீழ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளம் அவள் செய்தது. ஆறு வயதில் சக்கரச் செருப்பு மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் உருண்டு வந்து, நாற்காலியில் சாய்த்திருந்த பேஸின் மேல் விழுந்தாள். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பேஸைத் தூக்கிப் பள்ளத்தைத் தடவினார். "இனி நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். அவளிடம் சொல்லவில்லை, வேறு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். அப்புறம் போய்க் காரில் உட்கார்ந்தவர் இருட்டும் வரை இறங்கவில்லை. அடி வாங்கியிருந்தால் மறந்திருப்பாள். அந்தக் கார் கண்ணாடிக்குள் தெரிந்த முகம் முப்பத்தைந்து வருடமாக மறக்கவில்லை.

இப்போது கலிஃபோர்னியாவில் யாரோ முகம் தெரியாத ஒருவர், உளியை வைத்து அந்தப் பள்ளத்தை அளவெடுத்துத் தட்டியிருக்கிறார். இன்னும் ஐம்பத்தொன்பது தடவை தட்டப்போகிறார். எங்கெங்கோ இருக்கிற ஐம்பத்தொன்பது பேர் அவள் செய்த தப்பை ஆசை ஆசையாகத் தடவிப் பார்க்கப் போகிறார்கள்.

ஆனாலும் நகலை எடுத்து மடியில் வைத்தாள். அதைத் தொட யாரும் தடை போடவில்லையே. கட்டை விரல் தானாகப் போய் அந்தக் குழிவில் உட்கார்ந்தது. கச்சிதமாக உட்கார்ந்தது. செத்துப்போனவர் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்பாவின் குழிவு அல்ல அது, இயந்திரம் சுரண்டின குழிவு. இருந்தும் அவள் கை ரோமம் நட்டுக்கொண்டது.

விரல்கள் அந்த ஏழு சுரங்களைத் தேடிப் போயின. ஒன்று, இரண்டு, மூன்று...

"நிறுத்து!"

சமையலறை வாசலில் அம்மா நின்றார். ஈரக்கை சொட்டிக்கொண்டிருந்தது.

"சும்மா வாசிச்சுப் பார்த்தேம்மா..."

"வேற எதையாச்சும் வாசி. அது வேண்டாம் இந்த வீட்டுல."

அம்மாவுக்கு அந்தப் பாட்டு ஆகாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஊரே ஆடும்போது அம்மா மட்டும் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பார். கணவன் ஊர் ஊராகப் போனதற்குக் காரணம் அந்தப் பாட்டுத்தானே, அந்தக் கோபம் என்று இவர்களாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பழசை ஆணியில மாட்டட்டுமாம்மா? மியூசியத்துல இருந்து வர்றவங்க போட்டோ எடுக்கணும்னு சொன்னாங்க" என்றான் டைரஸ்.

வெர்னெல் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம்.

"மாட்டு" என்றார்.

அந்த ஆணியும் அந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி. பின்பக்கச் சுவர், பலகைச் சுவர். அதற்கு அந்தப்பக்கம் முப்பது அடியில் ரயில் பாதை. சரக்கு ரயில் போகும்போது சுவர் அதிரும். சுவர் அதிர்ந்தால் ஆணியில் தொங்கும் பேஸின் தந்திகள் தாமாக அதிரும். கை படாமல், மின்சாரம் இல்லாமல், அடித்தொண்டையில் ஒரு முனகல் கிளம்பும். ம்ம்ம் என்று ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு தடவை, நாலரை தாண்டி ஒரு தடவை. மார்ச் மாதத்துக்கு அப்புறம் டைரஸும் கோர்லிஸும் அதை அப்பா பேசுகிறார் என்றே சொல்லிக்கொண்டார்கள். முதலில் விளையாட்டாகச் சொன்னார்கள். பிறகு விளையாட்டாகச் சொல்லவில்லை.

பேஸ் ஊருக்குப் போயிருந்த நாலு மாதம் வீடு ஊமையாகக் கிடந்தது. அந்த நாலு மாதத்தில் அம்மாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்ததைக் கோர்லிஸ் பார்த்தாள். ஏன் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. தரை நடுங்கியது. அலமாரியில் பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மூன்று பேரும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பேஸ் வாயே திறக்கவில்லை.

கடைசிப் பெட்டியும் போய்விட்டது. கோப்பைகள் அடங்கின. வெர்னெலின் கண்ணிலிருந்து நீர் கடகடவென்று வழிந்தது. துடைக்கவும் இல்லை.

"நின்னு போச்சு" என்றார்.

"அம்மா, நாலு மாசம் வெளியூர் போயிட்டு வந்திருக்கு. தந்தி தளர்ந்திருக்கும்..." கோர்லிஸ் கிட்டே போனாள்.

"தொடாத! எப்படி வந்துச்சோ அப்படியே போகட்டும். பேனாவைக் கொண்டா டைரஸ். அந்தக் காகிதத்துல எங்க போடணும்?"

"அவங்க முன்னாடிதாம்மா போடணும். அஞ்சு மணிக்கு."

"சரி. நான் கொஞ்சம் படுக்கறேன்." படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது.

டைரஸ் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். "பாவம்டி. அப்பா போயிட்டார்னு இப்பதான் அம்மாவுக்கு உறைச்சிருக்கு." வருகிறவர்களுக்குக் கேக் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனான். அழுகை வந்தால் கடைக்குப் போவது அவன் வழக்கம்.

கோர்லிஸ் தனியாக உட்கார்ந்தாள். அம்மா அப்படி அழுது அவள் பார்த்ததில்லை. சர்ச்சில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில்கூட அம்மா நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். இதை இப்படியே விடக்கூடாது என்று தோன்றியது.

பெட்டியின் பையில் ஒரு கோப்பு இருந்தது. எடுத்துப் பார்த்தாள். நகலெடுத்த கைவினைஞர் கைப்பட எழுதின கடிதம். மரியாதையான மனிதர். இந்த வாத்தியத்தோடு நாலு மாதம் வாழக் கிடைத்தது என் பாக்கியம் என்று எழுதியிருந்தார். இரண்டாவது பக்கத்தில் இது இருந்தது:

"மூடிக்கு அடியில், தந்திகள் நீள அதிராமல் அணைத்துப் பிடிக்கத் தொழிற்சாலையில் ஒரு ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டியிருப்பார்கள். உங்களுடையதில் அது எப்போதோ உதிர்ந்துவிட்டது. அருங்காட்சியகத்துக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதால், அறுபத்திரண்டில் வெளிவந்தபோது இருந்தபடியே இருக்கட்டும் என்று எங்கள் அன்பளிப்பாக ஒரு பட்டை வைத்திருக்கிறோம். நகலில் வைக்கவில்லை, அவர் வாசித்த நிலையிலேயே விட்டிருக்கிறோம். இன்னொன்று. மூடிக்கு அடியில் மரத்தில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் உள்ளன: டபிள்யூ, ஜி. அதையும் நகலில் கீறியிருக்கிறோம். அது யார் என்று சொல்ல முடியுமா?"

கோர்லிஸுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு! நல்லது செய்கிறேன் என்று தந்திகளின் குரல்வளையில் மெத்தையை வைத்து அழுத்தியிருக்கிறார் மனிதர். வாசிக்க விட்டிருந்தால் முதல் தட்டிலேயே கண்டுபிடித்திருப்பாள். அப்பா எங்கேயும் போகவில்லை. மூடிக்கு அடியில்தான் இருக்கிறார்.

எழுத்துகளைப் பற்றி அவள் பெரிதாக யோசிக்கவில்லை. தொழிற்சாலைக்காரர் யாராவது கீறியிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

சமையலறை இழுப்பறையில் திருப்புளி இருந்தது. ஆணியின் முன்னால் வந்து நின்றபோது நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு ஆறு வயதுப் பயம் வந்தது. அதை மட்டும் தொடாத. படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா சந்தோஷப்படுவார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். சந்தோஷப்பட்டால் கையெழுத்துப் போட மாட்டார், பேஸ் வீட்டிலேயே இருக்கும், தன் கைக்கு வரும் என்பதும் உண்மைதான். இரண்டில் எந்த உண்மை திருப்புளியைத் திருப்பியது என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது.

இரண்டு திருகாணிகள். மூடி கையோடு வந்தது. உள்ளே சாம்பல் நிறப் பட்டை, புத்தம் புதிது. பிய்த்து எடுத்தாள். மரத்தில் அந்த இரண்டு எழுத்துகள் இருந்தன, ஆழமாக, ஒருவன் தன் பொருளில் கீறுகிற மாதிரி. மூடியைத் திரும்ப வைத்துத் திருகினாள். போகிற போக்கில் தடித்த தந்தியை ஒரே ஒரு விரலால் தொட்டாள். அது குளிர்ந்தும் பிசுபிசுத்தும் இருந்தது. வாழ்நாளில் முதல் முறை.

நாலே காலுக்கு டைரஸ் கேக்கோடு வந்தான். அம்மா எழுந்து, நீலக் கவுன் போட்டு, உதட்டுச் சாயம்கூடப் பூசியிருந்தார். கீரை அடுப்பில் ஏறியது. அம்மாவின் தோள்கள் லேசாக இறங்கியிருந்தன, நாள் முழுக்கத் தூக்கின மூட்டையைக் கீழே வைத்தவர் மாதிரி. மெல்லிய குரலில் ஏதோ துதிப்பாட்டு. கோர்லிஸ் பட்டையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசுப் பொட்டலத்தை ஒளித்து வைத்தவளின் படபடப்பு அவளுக்கு.

நாலு நாற்பது.

கண்ணாடி நடுங்கியது. தரை. கோப்பைகள். அதற்கு அடியிலிருந்து, சுவருக்குள்ளிருந்து வருவது போல, அந்த முனகல் எழுந்தது. ம்ம்ம். நாலு மாதத்து மௌனத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தது. கூடத்திலிருந்து சமையலறைக்குள் நுழைந்து மேஜைக்கு அடியில் பரவியது.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அடுப்பில் விழுந்தது.

"அம்மா, பாத்தியா! ஒண்ணுமே இல்லம்மா, வெறும் ஸ்பாஞ்சு. அந்தக் கம்பெனிக்காரர் உள்ள வச்சுட்டார், நான் எடுத்துட்டேன். அப்பா எங்கயும் போகலம்மா!"

வெர்னெல் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தோஷம் இல்லை. நாற்காலியை இழுக்கத் தெரியாமல் இழுத்து உட்கார்ந்தார்.

"ஏன்டி எடுத்த?"

"நீ அழுதியேம்மா..."

"அழுதேன். கடவுளே, ஒரு வழியா அது என்னை விட்டுச்சேன்னு அழுதேன்." அம்மாவின் குரல் உயரவில்லை, அதனாலேயே பயமாக இருந்தது. "நாப்பத்தேழு வருஷம். தினம் ரெண்டு வேளை. உங்கப்பா பக்கத்துல உக்காந்து அதைக் கேட்டிருக்கேன். உங்களை வயித்துல வச்சுக்கிட்டுக் கேட்டிருக்கேன். இந்த நாலு மாசம்தான்டி நான் தூங்கினேன்."

டைரஸ் கேக்குப் பெட்டியோடு வாசலில் நின்றான். "அம்மா, அப்பாதானேம்மா அது? நாங்க சும்மா விளையாட்டுக்கு அப்படி..."

"உங்கப்பா இல்ல." வெர்னெல் மேஜையை உள்ளங்கையால் தடவினார். "மூடியைக் கழட்டினியா? எழுத்தைப் பாத்தியா?"

கோர்லிஸ் தலையாட்டினாள். "டபிள்யூ, ஜி."

"டபிள்யூ வேமன், ஜி கேன்ட். வேமன் கேன்ட். உங்கப்பாவோட கூட்டாளி. அந்த பேஸ் அவனோடது."

கூடத்தில் முனகல் இன்னும் அடங்கவில்லை. ரயில் எப்போதோ போய்விட்டது.

"அறுபத்தொம்போது ஜூன் மாசம், ஒரு சனிக்கிழமை. இதே மேஜை. எதிர்ல நாற்காலி இருக்கே டைரஸ், அங்கதான் அவன் உக்காந்தான். ஒரு தட்டு கீரை சாப்பிட்டான். சாப்பிட்டுட்டு ஏதோ வாசிச்சான். ஏழே ஏழு சுரம். நான்கூட 'நல்லாருக்கே வேமன்'னேன். அப்புறம் எழுந்து, 'வெர்னெல், ஒரு நாள் வெளியூர் போறேன், இது இங்க இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்'னான். ஞாயித்துக்கிழமை வரல. திங்கக்கிழமை ஸ்டூடியோவுல ஆளில்லன்னு கூப்பிட்டாங்க. உங்கப்பா அதைத் தூக்கிட்டுப் போனார். அந்த ஏழு சுரத்தையும் தூக்கிட்டுப் போனார்."

"அம்மா..." டைரஸ் கேக்குப் பெட்டியை மேஜையில் வைத்தான்.

"வேமன் எனக்குக் குடுத்துட்டுப் போனான்னார். எல்லாரும் சரின்னாங்க. ஒருத்தனும் திருப்பிக் கேக்கல. நானும் கேக்கல. நானும்தான் கேக்கல."

அப்போதுதான் கோர்லிஸுக்கு இன்னொன்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா விடிந்ததும் பேஸை ஆணியிலிருந்து எடுத்து, பெட்டியில் வைத்து, தெருக்கதவுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். பொழுது சாயும் வரை நிற்கும். பிறகு ஆணிக்குத் திரும்பும். எங்கும் எடுத்துப் போக மாட்டார். "எவனாவது கச்சேரிக்குக் கூப்பிட மாட்டானான்னு அப்பா தயாரா இருக்கார்" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். நாற்பத்தேழு வருடத்து ஞாயிறுகள். அவர் காத்திருந்தது கச்சேரிக்கு அல்ல.

இனி நான் என்ன பதில் சொல்வேன். ஆறு வயதில் அவள் கேட்ட அந்த வாக்கியத்துக்கு இப்போது ஆள் கிடைத்துவிட்டது. அடுத்தவன் பொருளில் தன் குழந்தை பள்ளம் போட்டுவிட்டதே என்று அந்த மனிதர் காருக்குள் உட்கார்ந்து தவித்திருக்கிறார். கோர்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா மேல் வெறுப்பு வந்தது, வந்த ஈரம் காய்வதற்குள் பாவமாகவும் இருந்தது.

"அவர் என்ன ஆனாரும்மா?"

"செத்துத்தான் போயிருக்கணும். இல்லன்னா தன் பேஸை விட்டுட்டு எவன்டி இருப்பான்? அதான் சுவத்துல இருந்து கேக்கறான், தினம் ரெண்டு தடவை." கூடத்துப் பக்கம் திரும்பினார். "அவன் எங்க போனான்னு உங்கப்பாவுக்குத் தெரியும்னு எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம். அதையும் நான் கேக்கல."

அழைப்பு மணி அடித்தது. ஐந்து ஆகியிருந்தது.

அருங்காட்சியகத்து லெனோர் பிட்மன் கையில் ஒரு கோப்போடும் வாய் நிறையச் சிரிப்போடும் உள்ளே வந்தார். "மிஸ் வெர்னெல்! என்ன வாசனை இது, கீரையா? இப்படி வரவேற்பு இருந்தா தினம் வருவேன் நான்." யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்துக் குரலைக் குறைத்துக்கொண்டார். "சுவருக்கு அட்டைகூட அடிச்சாச்சு. பாருங்க."

கெட்டியான வெள்ளை அட்டை. வெர்னெல் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். எஸெல் பார்க்ஸ்டேலின் பேஸ். உலகம் முணுமுணுக்கும் ஏழு சுரங்கள் இதில்தான் பிறந்தன.

டைரஸ் அந்த அட்டையைப் பார்த்தான். அப்பாவின் பெயர் அவ்வளவு பெரிதாக அச்சில் வந்து அவன் பார்த்ததே இல்லை. "அம்மா," என்றான் கெஞ்சலாக, "அவர்தான் செத்துட்டார்னு நீயே சொல்றியே. யாருக்கும்மா தெரியப்போகுது?"

வெர்னெல் பேனாவைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"நீ அந்தப் பட்டையை எடுக்காம இருந்திருந்தா, இந்நேரம் போட்டிருப்பேன். போட்டுட்டு நிம்மதியா இருந்திருப்பேன்." பேனாவை அட்டையின் மேல் வைத்து லெனோர் பக்கம் தள்ளினார். "பேரு தப்பா இருக்கும்மா. இது வேமன் கேன்ட்டோடது. அவன் சொல்லாம நான் யாருக்கும் குடுக்க முடியாது."

லெனோர் பிட்மனின் சிரிப்பு முழுக்க மறைந்தது. "என்ன பேர் சொன்னீங்க?"

"வேமன் கேன்ட்."

"மிஸ் வெர்னெல்..." அவர் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "உங்க பேஸ் எங்களுக்கு வருதுன்னு பேப்பர்ல வந்துச்சு இல்லையா, அதுக்கப்புறம் நிறைய கடிதம் வந்துச்சு. அது என்னோடது, இது என்னோடதுன்னு. எதுக்கும் பதில் போடல. அதுல ஒண்ணு அந்தப் பேர்ல இருந்துச்சு. போன வாரம்தான் வந்துச்சு. எழுத்து ரொம்ப நடுங்கியிருந்தது. வயசானவர் கையெழுத்து."

நாற்பத்தேழு வருடமாகச் செத்தவன் என்று பயந்தவரின் கைகள் மேஜையின் ஓரத்தைத் தேடிப் பிடித்தன.

"திருப்பிக் கேட்டிருக்கானா?"

"இல்ல. அதனாலதான் ஞாபகம் இருக்கு. அவர் மட்டும் கேக்கல." லெனோர் தயங்கினார். "அதை இன்னும் யாராவது வாசிக்கிறாங்களான்னு மட்டும் கேட்டிருந்தார்."

வெர்னெல் ஆணியைப் பார்த்தார். பிறகு எழுந்து, கவுனை நீவிக்கொண்டு, மகளைக் கூப்பிட்டார்.

"கோர்லிஸ். அதை இறக்கு."

"நானாம்மா? தொடலாமா?"

"தொடு. பெட்டியில வச்சு, தெருக்கதவுக்குப் பக்கத்துல நிறுத்து. நாளைக்கு ஞாயித்துக்கிழமை."